ஞாயிறு இல்லாத வாரங்களும் நிழல் இல்லாத நண்பகலும்

என் வயதுக்காரர் யாராவது இதை வாசித்தால் உடனே தலையாட்டுவார்கள்: இந்த நாட்டில் ஒரு காலம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாளாக இருக்கவில்லை. 1966இல் டட்லி சேனாநாயக்காவின் அரசாங்கம் வார விடுமுறையைச் சந்திரனிடம் ஒப்படைத்தது. அமாவாசை, வளர்பிறை அட்டமி, பௌர்ணமி, தேய்பிறை அட்டமி என்ற நாலு போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும்தான் லீவு. ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமிக்கு ஏறக்குறைய 29.5 நாட்கள், அதை நாலாகப் பிரித்தால் ஏழுக்கு மேலே கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து சில வாரங்களுக்கு எட்டு நாட்கள் வந்துவிடும். செவ்வாயன்று ஓய்வு, வியாழனன்று வேலைத் தொடக்கம் என்று கிழமைகளெல்லாம் இடம் மாறிக் கிடந்த அந்த ஆண்டுகளில்தான், பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக வளர்ந்தேன்.

கலண்டர் கணக்கப்பிள்ளை வீட்டில்தான் தொங்கும். எங்கள் லயத்தில் “நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?” என்று கேட்டால், அம்மா இஸ்தோப்பை விட்டு இறங்கி ஒரு பார்வை மேலே பார்த்துவிட்டு, “இன்னும் பாதி ஆகல, போகணும்” என்பார். நிலா சரியாக இரண்டாக வெட்டியதுபோல் தெரிகிறதா, இன்னும் ஒரு நாள் பாக்கியா என்று பார்த்துச் சொல்ல எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. வணிகத்துக்கும் வெளிநாட்டுத் தொடர்புக்கும் அது வசதிதான். இப்போது பௌர்ணமி மட்டும் போயா விடுமுறை. அதுவும் எந்தத் திகதியில் வருகிறது, வெள்ளிக்கிழமையோடு ஒட்டி வருகிறதா என்று போனில் பார்த்துக்கொள்கிறோம். ஒரு தேசம் முழுவதும் தன் வேலை நாளைத் தெரிந்துகொள்ள அண்ணாந்து பார்த்த அந்த ஐந்து ஆண்டுகளை, பிற்காலத்தில் வானியலைத் தொழிலாகவும் அதை ஊருக்கு எடுத்துச் சொல்வதை வாழ்க்கையாகவும் வைத்துக்கொண்ட நான், ஆசையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

லயத்துக்கு மின்சாரம் வராத காலம் அது. மண்ணெண்ணெய் குப்பி விளக்கையும் ராத்திரிச் சாப்பாட்டோடு அணைத்துவிடுவார்கள். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டதும் பெண்கள் எழுந்து, ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு பிரட்டுக்களத்துக்கு நடப்பார்கள். தப்பு கேட்பதற்கு முன்னமே எழுந்துவிடுகிறவர்களுக்கு மணிக்கூடு விடிவெள்ளிதான். அது எந்த மலை முகட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நின்றால் அடுப்பு மூட்ட வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாக இருந்தது. நமுனுகுலை மலை கிழக்கே மறைத்துக்கொண்டு நிற்கும் தோட்டங்களில் ஒரு கணக்கு, பசறைப் பக்கம் திறந்த சரிவுகளில் இன்னொரு கணக்கு. சில மாதங்கள் விடிவெள்ளி காணாமல் போய், பிறகு மாலையில் மேற்கே தோன்றுவதும் அவர்களுக்குத் தெரியும். வெள்ளி சூரியனைச் சுற்றுவதையும், நாம் அதைவிட வெளிவட்டத்தில் சுற்றுவதையும், ஏறக்குறைய 584 நாட்களுக்கு ஒருமுறை அதே ஆட்டம் திரும்ப வருவதையும் புத்தகத்தில் படித்தபோது, எங்கள் லயத்து அடுப்புக் கணக்கைத்தான் எண்களில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பிறை வளர வளர ஆட்டமும் வளர்ந்து, பௌர்ணமியில் காமன் தகனத்தோடு முடியும். பெரிய பிள்ளைகள் ரதியையும் மன்மதனையும் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கம் தாங்காத சின்னப் பிள்ளைகள் கம்பளிக்குள் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருப்போம். உச்சியில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் ஓரியன், அதன் தோளில் சிவந்த திருவாதிரை, தெற்கே தேயிலை மலைக்கு மேலே தனியாக ஒளிரும் அகத்தியர் நட்சத்திரம். மாசி இரவில் இவை வேறெங்கும் போக முடியாது. அந்த மாதத்தின் முன்னிரவுக்கு உரிய வானம் அதுதான். கூத்தும் பிறையும் நட்சத்திரங்களும் சேர்ந்தே வந்ததால், நான் முதலில் கற்ற வான வரைபடம் தப்புத் தாளத்தோடு மனதில் பதிந்தது.

ஊவா வானத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மழையை ஹட்டன், நுவரெலியா பக்கத்துச் சரிவுகளில் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக வருகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அதே காற்று. கொழுந்து அந்தக் காற்றில் வாடி மெதுவாக வளர்வதால்தான் ஜூலை முதல் செப்டம்பர் வரையான ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணம், தனி விலை. அதே காற்று வானத்தையும் துடைத்துவிடுகிறது. கொழும்பில் மேகம் மூடிக்கிடக்கும் மாதங்களில் பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளைக்காரர்கள் தலைக்கு மேலே பால்வீதியைப் பார்க்கலாம். தெற்கே விருச்சிகம் தன் கொடுக்கையும் வாலையும் முழுதாகக் காட்டி நிற்கும். பால்வீதியின் மையம் இருக்கும் திசை பதுளையில் 54 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. லண்டனில் அது பத்துப் பாகைக்குக்கூட ஏறாது. தேயிலையை அங்கே ஏற்றினோம், இந்த வானத்தை ஏற்ற முடியவில்லை.

எங்கள் வரிசை லயத்தில் என்னோடு படித்த ஒருவன் 1970களில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனான். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட கணக்கில் அந்தக் குடும்பத்தின் பெயரும் இருந்தது. ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரியில் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். ஒரு கடிதம் போய் வர எவ்வளவோ நாளாகும். அவன் எழுதிய ஒரு கடிதத்தில், அங்கே வடக்கே ஒரு நட்சத்திரம் அசையாமல் நிற்கிறது, நம் தோட்டத்தில் நான் அதைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தான். துருவ நட்சத்திரம்தான். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் அது அங்கே நிற்கும். பதுளைக்கு ஏழு பாகை. எங்களுக்கு வடக்கே எந்த மலையும் அதை மறைத்துவிடும். கோத்தகிரிக்குப் பதினொன்றுக்கு மேலே. எங்கள் பிரிவின் தூரத்தை அந்த நாலு பாகையில் அளந்து பார்க்கலாம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது; பாடப் புத்தகத்தில் இருந்த அட்சரேகை அதற்குப் பிறகு எனக்கு வெறும் கோடாக இருக்கவே இல்லை. 2019 டிசம்பர் 26ஆம் திகதி கங்கண சூரிய கிரகணம் நீலகிரி மேலாகவும் யாழ்ப்பாணம், திருகோணமலை மேலாகவும் போனபோது, அவனுக்கு முழு வளையம், பதுளைக்குக் கடிபட்ட சூரியன். அந்த வளையத்தின் படம் சில விநாடிகளில் என் போனுக்கு வந்து சேர்ந்தது. கடிதத்துக்குக் காத்திருந்த சுகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அன்றைக்கு அந்தப் படம் வந்த வேகத்துக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கிய செய்தி எங்களுக்கு வானொலி வழியாக வந்தது. தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வரவே இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. ஆம்ஸ்ட்ரோங்கும் ஆல்ட்ரினும் தரையிறங்கிய நேரம் இங்கே 21ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. வளர்பிறை என்பதால் நிலா எப்போதோ அடைந்துவிட்டது. அன்று மாலை அட்டமியை நெருங்கும் பிறை வந்தபோது லயத்து வாசலில் எல்லோரும் நின்றோம். எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டவர்களும், நிற்க இடமிருக்கா என்று கேட்டவர்களும், போனவன் வந்து சேரணுமே என்று கவலைப்பட்ட கிழவிகளும் இருந்தார்கள். அந்தக் கவலைதான் என்னை அதிகம் தொட்டது. தாய்மண்ணை விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், மறுபடி கப்பலேறக் காத்திருந்தவர்களும் நின்ற வாசல் அது. தூரம் போனவன் திரும்பி வருவதன் அருமை அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு கொழும்புப் பயணம். பதுளை ரயில் நிலையத்தில் தண்டவாளம் முடிகிறது. 1924இல் அங்கே வந்து நின்ற பாதை அதற்கப்பால் போகவில்லை. ஆனால் எங்களுக்கு அங்கேதான் உலகம் தொடங்கும். தெமோதரையில் ரயில் தன் பாதைக்கு அடியிலேயே சுற்றி வருவதைப் பார்த்து, ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து, பட்டிப்பொலைக் குளிரில் நடுங்கிப் போய்ச் சேரும்போது கொழும்புச் சூடு முகத்தில் அடிக்கும். நாங்கள் பார்க்க வந்த கோள்மண்டலத்தின் கூரை தாமரை மொட்டு வடிவில் மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கிறது, பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்கவின் வழிகாட்டலில் கட்டி 1965இல் திறக்கப்பட்டது. உள்ளே கிழக்கு ஜெர்மனியின் கார்ல் சைஸ் கருவி. விளக்கை மெல்ல மெல்ல அணைத்து அது குவிமாடத்தில் நட்சத்திரங்களைக் கொண்டுவந்ததும், நகரத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் வியந்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் சிரித்துக்கொண்டோம். எங்களுக்கு அது ஊர் வானம்; ஊரைக் கொழும்பில் பார்த்த சந்தோஷம். ஆனால் அந்தக் கருவி ஓர் இரவை ஐந்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டியபோது நாங்களும் வாயடைத்துப் போனோம். வானம் சுற்றுவதை அதுவரை நாங்கள் பொறுமையால் மட்டுமே அறிந்திருந்தோம்.

அந்த ரயில் பாதைக்கும் வானத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு என்று பின்னாளில் படித்தேன். இலங்கை ரயில் பாதையின் ஆரம்பகாலத் தலைமைப் பொறியியலாளர் கில்ஃபோர்ட் மோல்ஸ்வர்த். அவருடைய மகன் பெர்சி மோல்ஸ்வர்த் 1867இல் கொழும்பில் பிறந்து, இராணுவப் பொறியியல் அதிகாரியாகத் திருகோணமலையில் இருந்தபோது, சொந்தத் தொலைநோக்கியால் வியாழனை இரவிரவாகப் பார்த்து வரைந்தார். 1901இல் வியாழனின் தென் வெப்பமண்டலப் பட்டையில் ஒரு பெரிய குழப்பம் தோன்றியதை முதலில் கண்டவர் அவர். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர். வடக்கே காரைநகரில் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் கற்பித்த அலன் ஆபிரகாமோ 1910இன் ஹேலி வால்வெள்ளியைக் கணித்து எழுதி, லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். இந்தப் பெயர்களை ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது அதன் முகத்தில் ஒரு மாற்றம் வரும். வானியல் எங்கோ நடக்கும் காரியம் என்ற எண்ணம் அப்போதுதான் கலைகிறது.

என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி ஆதர் சி. கிளார்க் என்ற மனிதரின் நிழலில் கழிந்தது என்று சொல்லலாம். இந்த நாட்டில் வானத்தைப் பற்றிப் பேசிய எவருக்கும் அப்படித்தான். 1956இல் இங்கே வந்தவர் 2008இல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் பெயரில் 1984இல் மொறட்டுவை கட்டுபெத்தையில் ஒரு நிறுவனம் எழுந்தது. 1996இல் ஜப்பான் அரசாங்கம் அதற்கு 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்றை அன்பளித்தது. 1945இலேயே அவர் எழுதிய கட்டுரை, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றி ஓரிடத்தில் நிற்பதாகத் தெரியும், அதன் வழியாக உலகத்துக்கே ஒலிபரப்பலாம் என்று விளக்கியது. இன்று தோட்டத்து லயத் தகரங்களின் மேலே வரிசையாக நிற்கும் தட்டுகளைப் பாருங்கள். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், இந்தியச் செய்மதிகளைத் தேடும் அந்தத் தட்டுகள் ஏறக்குறைய உச்சி வானத்தையே பார்க்கின்றன. மாலைத் தொடர் நாடகம் அங்கிருந்துதான் இறங்குகிறது. “உங்க தட்டு யாரைப் பார்த்துக்கிட்டிருக்கு?” என்ற கேள்வியோடு நான் தொடங்கிய வகுப்புகள் எப்போதும் நன்றாகப் போயின.

தொலைநோக்கியை லொறியில் ஏற்றி, லொறி ஏறாத காட்டுத்தொங்கலுக்குப் பையன்கள் தோளில் ஏற்றி, கோயில் முற்றத்தில் நிறுத்துவோம். 1997இல் ஹேல்–பொப் வால்வெள்ளி மேற்கே தெரிந்த மாலைகளில் தொலைநோக்கிக்கே வேலையில்லை. அது வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் போதும். மற்ற நாட்களில் வரிசை கோயில் வாசல்வரை நீளும். ஒரு மாலை வெள்ளியைக் காட்டினேன். பூமிக்குக் கிட்ட வந்திருந்த நாட்கள். தொலைநோக்கியில் அது மெல்லிய பிறையாகத் தெரியும். 1610இல் கலிலியோ இதைக் கண்டுதான் வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்று உறுதிப்படுத்திக்கொண்டார். கொழுந்துக் கறை போகாத விரல்களோடு ஓர் ஆயா வந்து கண்ணை வைத்தார்.

“இது நெலாத்தானே தம்பி?”

“இல்லங்க ஆயா, வெள்ளி. காலம்பற பிரட்டுக்குப் போறப்ப பார்ப்பீங்களே, அதேதான்.”

“அதுவா? அது இப்ப சாயங்காலம் வருதா?” மறுபடி குனிந்து நெடுநேரம் பார்த்தார். “அதுவும் தேஞ்சு வளருதுன்னு யாரும் சொல்லலயே எங்களுக்கு.”

அந்தக் கடைசி வாக்கியம் என் தொழிலுக்குக் கிடைத்த கட்டளை. ஆயுள் முழுக்க விடிவெள்ளியை நேரம் பார்த்து எழுந்தவருக்கு அதன் மறுபாதிக் கதையை யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்த நிகழ்ச்சிகள் பலவும் அவருக்கு விளங்காத மொழியில் முடிந்துபோயின. மலையகத்தில் வானியல் வளர வேண்டுமானால் அது தமிழில், அவர்கள் பேசும் தமிழில், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததில் தொடங்க வேண்டும். இதை நான் கூட்டங்களில் சொன்னேன், மனுக்களில் எழுதினேன், இன்னும் சொல்கிறேன்.

காலம் இடையில் எங்களோடு விளையாடியதும் உண்டு. 1996இல் அணைக்கட்டுகளில் நீர் வற்றி மின்சாரம் தட்டுப்பட்டபோது, மே மாதத்தில் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. அந்தப் பத்து வருடமும் “பழைய நேரமா, புது நேரமா?” என்ற கேள்வி இல்லாமல் ஒரு கலியாணம்கூட நடக்கவில்லை. சூரியன் எந்தச் சுற்றறிக்கையையும் படிக்கவில்லை. மணிக்கூடு என்பது நாம் செய்துகொண்ட உடன்பாடு, நண்பகல் என்பது வானம் தருவது என்று பிள்ளைகளுக்கு விளக்க அதைவிட நல்ல பாடம் எனக்கு வாய்த்ததில்லை.

லயங்களுக்கு மின்சாரம் வந்தது. அதை ஒரு குறையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. குப்பி விளக்கின் புகையில் படித்த கண்களுக்கும், இருட்டில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண்களுக்கும் அது பெரிய விடுதலை. ஆனால் பிறகு வந்த வெள்ளை எல்ஈடி விளக்குகள் தெருவைவிட வானத்துக்கே அதிக வெளிச்சம் தருகின்றன. பதுளை நகரத்துக்குள் நின்றால் பால்வீதி இல்லை, எல்ல பக்கத்து விடுதிகளின் முகட்டிலும் அது மங்கிக்கொண்டு வருகிறது. கையிலிருக்கும் போனை மேலே தூக்கினால் எந்த நட்சத்திரம் எதுவென்று அதுவே சொல்கிறது. நான் வருடக்கணக்கில் கற்ற பெயர்கள் அதில் ஒரு கணத்தில் வந்துவிடுகின்றன. பிள்ளைகள் திரையிலேயே பார்த்துத் திருப்தியாகிவிடும்போதுதான் எனக்கு மனம் வலிக்கிறது.

2022இல் நாடு வங்குரோத்தாகி, மார்ச் 31ஆம் திகதி மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. அந்த நாட்களை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அந்த வாரத்து விடியலில் கிழக்கே வெள்ளியும் செவ்வாயும் சனியும் ஒன்றாக நின்றன. வரிசையில் இடம் பிடிக்க அதிகாலையில் எழுந்து போனவர்கள் அவற்றைப் பார்த்து என்னிடம் கேட்டார்கள். நான் சொன்னேன். பசியோடு நிற்பவனுக்கு வானம் சோறு போடாது. ஆனாலும் அவர்கள் கேட்டார்கள், அடுத்த நாளும் கேட்டார்கள்.

இப்போது என்னால் தொலைநோக்கியைத் தூக்க முடியவில்லை. அதனால் ஒரு தடியை நம்புகிறேன். ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டியும் செப்டம்பர் 5ஆம் திகதியை ஒட்டியும், பகல் பன்னிரண்டு கடந்து சில நிமிடங்களில், சூரியன் பதுளைக்கு நேர் உச்சியில் வருகிறது. நட்ட தடியின் நிழல் அதன் காலடிக்குள் போய்விடும். அதே நாளில் யாழ்ப்பாணத்தில் ஒரு மீற்றர் தடிக்கு நண்பகலில் ஏறக்குறைய 4.7 சென்ரிமீற்றர் நிழல் இருக்கும். அங்கே நண்பகல் எங்களுக்கு நாலு நிமிடம் பிந்தி வரும். அந்த நிழலிலிருந்து கிடைக்கும் கோணம் 2.7 பாகைக்குச் சற்றுக் குறைவு, அதாவது முழு வட்டத்தில் 135இல் ஒரு பங்கு. இரு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காக உள்ள தூரம் சுமார் 295 கிலோமீற்றர். இரண்டையும் பெருக்கினால் 39,800 சொச்சம். பூமியின் சுற்றளவு 40,000. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எரடோஸ்தெனிஸ் எகிப்தில் செய்த கணக்கு இது.

நான் பையனாக இருந்தபோது இதைச் செய்ய யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதி நாட்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இன்று பசறையில் ஒரு வகுப்பும் யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பும் போனில் பேசிக்கொண்டே, தமிழிலேயே, அந்த மத்தியானத்துக்குள் உலகத்தை அளந்துவிடலாம். நான் பறிகொடுத்த இருட்டுக்கு ஈடாகக் காலம் எனக்குத் தந்தது இது, அதை வாங்கிக்கொள்ளவே விரும்புகிறேன். ஊவாவின் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வதும் இதுதான்: நேரான ஒரு தடி, ஒரு அடிமட்டம், வடக்கே ஒரு சிநேகிதப் பாடசாலையின் தொலைபேசி எண். வரும் செப்டம்பரில், கச்சான் காற்று வானத்தைத் துடைத்து வைத்திருக்கும் நாட்களில், தொடங்கிவிடுங்கள்.